'கூகுளில் முதல் பக்கம் கேரண்டி' என்றார்கள், என் டொமைனே போய்விட்டது

திருநெல்வேலியில் இருந்து பத்தமடைப் பாய் விற்கிறேன். கோரைப் பாய் நெய்கிற பதினோரு வீடுகளில் வாங்கி, 2019 முதல் சொந்த இணையதளத்தில் விற்பனை. மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய்தான் அதிகம் போகும். தை, வைகாசி, ஆவணியில் வாரத்துக்கு ஏழெட்டு ஆர்டர் வரும், மற்ற மாதங்களில் இரண்டு மூன்று. இந்த வருமானத்தில்தான் வீடு ஓடுகிறது. என்னைப் போலச் சின்னதாகத் தளம் வைத்துப் பிழைப்பவர்கள் இதை முழுசாகப் படியுங்கள்.

2024 ஜூலையில் ஒரு எஸ்இஓ ஏஜென்சியில் இருந்து, அதாவது கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டு வருகிற வேலை செய்கிறவர்களிடம் இருந்து, போன் வந்தது. "மேடம், உங்க சைட்டை ஆடிட் பண்ணிப் பார்த்தோம். 143 எரர் இருக்கு. இப்படியே விட்டா கூகுள்ல இருந்தே தூக்கிடுவாங்க." அரை மணி நேரத்தில் வாட்ஸப்பில் முப்பது பக்க பிடிஎஃப், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. பயந்துவிட்டேன். தள முகவரியைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் இப்படி அறிக்கை தருகிற கருவிகள் இருக்கின்றன, படத்துக்கு விளக்கம் எழுதாமல் விட்டதைக்கூடப் படம் படமாக எண்ணி எரர் கணக்கில் சேர்க்கும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

மாதம் 12,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 14,160. ஆறு மாத ஒப்பந்தம். ஐந்து கீவேர்டுகளுக்கு (கூகுளில் தேடுகிற சொற்களுக்கு) 90 நாளில் முதல் பக்கம் கேரண்டி என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். கூகுளில் முதலிடத்துக்கு யாரும் உறுதி தர முடியாது, தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. அதை அன்றைக்கு நான் படித்திருக்கவில்லை.

அந்த கேரண்டியை அவர்கள் காப்பாற்றினார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 'பத்தமடை கல்யாணப் பாய்' என்று தேடினால் வர வேண்டும் என்றுதான் நான் கேட்டேன். ஒப்பந்தத்தில் அவர்கள் எழுதியது 'பத்தமடை பட்டுப் பாய் மொத்த விலை ஆன்லைன் திருநெல்வேலி டெலிவரி' என்கிற மாதிரி ஐந்து நீள வாக்கியங்கள். அப்படி யார் தேடுவார்கள்? யாரும் தேடாத வாக்கியத்துக்குப் போட்டியே கிடையாது. அதே சொற்களை ஒரு பக்கத்தில் எழுதி வைத்தாலே முதலில் வந்துவிடும். மூன்றாம் மாதம் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "டார்கெட் முடிச்சாச்சு மேடம்" என்றார்கள்.

ஆர்டர் ஏன் கூடவில்லை என்று கேட்டால் டிராஃபிக் வரைபடத்தைக் காட்டுவார்கள். மாதம் 600 பேர் வந்த தளத்துக்கு 5,000 பேர் வருவதாகக் கோடு ஏறியிருக்கும். அக்கா மகன் தீபாவளிக்கு வந்தபோது கூகுள் அனலிடிக்ஸைத் திறந்து ஊர் வாரியாகப் பிரித்துக் காட்டினான். வந்தவர்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் ஆஷ்பர்ன் என்ற ஊர்க்காரர்கள். அது டேட்டா சென்டர்கள் நிறைந்த ஊர். தளத்தில் அவர்கள் இருந்த நேரம் சராசரியாக ஒரு வினாடி. நிரல் அனுப்பிய பொய் வருகைகள் அவை. உங்களுக்கு யாராவது வருகை எண்ணிக்கையைக் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஊரில் இருந்து வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், கார்ட்டில் எத்தனை பேர் பொருள் போட்டார்கள்.

கூகுள் சர்ச் கன்சோலை நாங்களே இணைத்துப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. கூகுள் தேடலில் நம் தளம் எப்படி வருகிறது என்று காட்டுகிற இலவசக் கருவி அது. தளத்தின் உரிமையாளர் என்று காட்ட கூகுள் தருகிற ஒரு சின்னக் கோப்பைத் தளத்தில் ஏற்றினால் போதும், ஏஜென்சியைக் கேட்க வேண்டியதில்லை. உள்ளே போனால் எங்கள் தளத்துக்கு வெளியில் இருந்து 2,400 இணைப்புகள். சூதாட்டத் தளங்கள், ரஷ்ய மொழிப் பக்கங்கள், வெறும் இணைப்புக்காகவே உருவாக்கிய குப்பை வலைப்பூக்கள். கோரைப் பாய்க்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம்? காசு கொடுத்து இணைப்பு வாங்கித் தரவரிசையை ஏற்றுவது கூகுளின் விதிகளுக்கு விரோதம். 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டு வந்ததில் இருந்தே இந்த வேலையைக் கூகுள் குறிவைத்து வருகிறது. இன்று பெரும்பாலும் அப்படிப்பட்ட இணைப்புகளைக் கணக்கிலேயே எடுக்காது. சில சமயம் கூகுள் ஊழியர்களே நேரில் பார்த்து நடவடிக்கை எடுப்பார்கள், அதன் பெயர் மேனுவல் ஆக்‌ஷன். எங்களுக்கு அதுதான் நடந்தது. மேனுவல் ஆக்‌ஷன் பகுதியில், இயற்கைக்கு மாறான இணைப்புகள் இருப்பதாக இரண்டு வாரம் முன்பே அறிவிப்பு வந்திருந்தது. சர்ச் கன்சோல் அதுவரை அவர்கள் கையில் இருந்ததால் என் கண்ணில் படவில்லை. ஐந்து வருடமாகத் தானாக வந்துகொண்டிருந்த தேடல் வாடிக்கையாளர்களும் அத்தோடு குறைந்துவிட்டார்கள்.

கூகுள் மேப்பில் இருந்த கடைப் பக்கத்திலும் ஒரே வாரத்தில் 40 ஐந்து நட்சத்திர விமர்சனங்களைப் போட்டிருந்தார்கள். ஒன்றில் 'சாப்பாடு அருமை' என்று இருந்தது. அவற்றைக் கூகுள் நீக்கியபோது நிஜ வாடிக்கையாளர்கள் எழுதிய சிலவும் சேர்ந்து காணாமல் போயின.

இதுவரை போனது பணமும் தரவரிசையும். திரும்பக் கிடைக்காதது டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி.

ஒப்பந்தம் போட்ட மறுநாளே, "வேலைக்கு வசதியா இருக்கும் மேடம், டொமைனை எங்க அக்கவுண்டுக்கு மாத்திடலாம்" என்றார்கள். பதிவு நிறுவனத்தில் இருந்து வந்த மாற்றுக் குறியீட்டை நானே வாட்ஸப்பில் அனுப்பினேன். இணைய முகவரியைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது போன்றது அது. எஸ்இஓ வேலைக்கு டொமைன் அவர்கள் பெயரில் இருக்க வேண்டிய அவசியமே கிடையாது. தளத்துக்குள் தனி பயனர் கணக்கும், சர்ச் கன்சோலில் பயனர் அனுமதியும், கடைப் பக்கத்தில் மேனேஜர் பொறுப்பும் கொடுத்தால் வேலை நடக்கும். நாளைக்கு வேண்டாம் என்றால் ஒரு கிளிக்கில் நீக்கிவிடலாம்.

2025 ஜனவரியில் பணத்தை நிறுத்தினேன். ஆறு மாதத்தில் 84,960 ரூபாய் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள் தளம் திறக்கவில்லை. தளத்தின் கோப்புகளை வைத்திருக்கிற ஹோஸ்டிங் என் பெயரில்தான் இருந்தது, கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன, ஆனால் முகவரியை வேறு எங்கோ திருப்பிவிட்டார்கள். டொமைனைத் தர 35,000 ரூபாய் 'ரிலீஸ் சார்ஜ்' கேட்டார்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டுகிற ஹூயிஸில் தேடிப் பார்த்தால் உரிமையாளர் இடத்தில் அவர்கள் நிறுவனத்தின் பெயர்.

அன்றைக்கு இரவு வரை நான் யோசிக்காத ஆபத்து இன்னொன்று இருந்தது. கடையின் மின்னஞ்சல் அதே டொமைனில்தான். பேமெண்ட் கேட்வே, கூரியர் கணக்கு எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு மாற்றுகிற கடிதம் அங்கேதான் வரும். டொமைனை வைத்திருப்பவன் நினைத்தால் அந்த மின்னஞ்சலைத் தன் பக்கம் திருப்பி என் பணக் கணக்குக்குள் நுழைய முடியும். இரவோடு இரவாக எல்லாவற்றையும் ஜிமெயிலுக்கு மாற்றினோம். உங்களுக்கு இந்த நிலை வந்தால் சண்டை போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

வக்கீலிடம் போனேன். கடைப் பெயரை டிரேட்மார்க் பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டே என்றேன். அது அந்தப் பாய்க்கும் அதை நெய்கிறவர்களுக்கும் உரியது, உங்கள் கடைப் பெயருக்கு உதவாது என்றார். டொமைனின் மாற்றுக் குறியீட்டை நானே அனுப்பியிருந்ததால் வழக்கு இழுக்கும் என்றும் சொன்னார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். வியாபாரத்துக்கு வாங்கிய சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று பலர் சொல்வார்கள். 2019 சட்டத்தில், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் அதற்கென்று வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்ற விளக்கம் இருக்கிறது, சேவை என்ற சொல் அதில் இல்லை. சேவைக்கும் அது பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். கணக்கில் இருந்து பணமே திருடு போனால் அது வேறு, உடனே 1930. என் புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. 35,000 ரூபாயைக் கொடுக்க மனம் வரவில்லை, கொடுத்தாலும் தருவார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை.

இப்போது புது முகவரியில் முதலில் இருந்து தொடங்கியிருக்கிறோம். பொதுவாக முகவரி மாறினால் பழைய முகவரியில் இருந்து நிரந்தரத் திருப்பல் போட்டுக் கூகுளுக்குச் சொல்லலாம். பழையது கையில் இல்லாதவர்களுக்கு அந்த வழியும் இல்லை. டொமைன் என் பெயரில், என் ஜிமெயிலில், இரட்டைச் சரிபார்ப்போடு, வேறு கணக்குக்கு மாற்றாமல் தடுக்கிற டிரான்ஸ்ஃபர் லாக் போட்டு இருக்கிறது. தானாகப் புதுப்பிக்கவும் வைத்திருக்கிறேன். பழைய வாடிக்கையாளர் பட்டியலை மாதம் ஒருமுறை இறக்கி வைக்கிறேன்.

எஸ்இஓ என்று இப்போது செய்வது இவ்வளவுதான்: போனில் கேட்கிற கேள்விக்கெல்லாம் ஒரு பக்கம் எழுதுகிறேன். பெயர் நெய்ய எத்தனை நாள் ஆகும், எத்தனை அடி வாங்கலாம், நனைந்துவிட்டால் என்ன செய்வது. பட்டுப் பாய்க்கும் சாதாரணப் பாய்க்கும் கோரையை எப்படிக் கிழிக்கிறார்கள் என்று தறி வீட்டிலேயே படம் எடுத்துப் போட்ட பக்கத்துக்குத்தான் இப்போது கூகுளில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். வேகம் குறைவுதான், ஆனால் வருகிறவர்கள் மதுரை, கோவை, சென்னை ஆட்கள், விலை கேட்கிறார்கள்.

போன மாதம் மதுரையில் இருந்து ஒருவர் கூப்பிட்டார். 2021இல் அக்கா கல்யாணத்துக்கு எங்களிடம் பாய் வாங்கியவர், இப்போது தங்கைக்கு வேண்டுமாம். பழைய முகவரியைத் திறந்தால் ஏதோ கடன் விளம்பரம் வருகிறது, கடையை மூடிவிட்டீர்களோ என்று நினைத்தேன் என்றார். பாயின் ஓரத்தில் தைத்திருந்த துணிச்சீட்டில் என் போன் எண் இருந்ததால் அவர் பேசினார். அந்தச் சீட்டில் போன் எண் போட ஆரம்பித்ததே 2021இல்தான். அதற்கு முன் போன பாய்களில் பழைய இணைய முகவரி மட்டும்தான் இருக்கிறது.