அம்மாவின் மூச்சைக் கண்காணிக்கும் மாதச் சந்தா: சேரலாமா?

துறையூரில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சுவிடவே சிரமமாகும் நாள்பட்ட நுரையீரல் நோய். புகை பிடித்தவர் அல்லர். கல்யாணமான நாள் முதல் விறகடுப்பில் வெந்தவர். அந்தப் புகைதான் நுரையீரலைக் கெடுத்துவிட்டது என்றார் மருத்துவர். நான் கோவையில் வேலை பார்ப்பதால், ஒரு தனியார் நிறுவனத்தின் வீட்டுக் கண்காணிப்புச் சேவையில் அம்மாவைச் சேர்த்திருக்கிறேன்.

விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டர், ரத்த அழுத்தக் கருவி, எடை இயந்திரம், சிம் போட்ட ஒரு டேப்லெட். அளவு தானாகவே நிறுவனத்தின் செவிலியருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எடை இயந்திரம் முக்கியமாக இதயச் செயலிழப்பு (இதயம் போதிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாத நிலை) உள்ளவர்களுக்கு: மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடலில் நீர் தேங்குகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

முதல் வாரங்களில் எச்சரிக்கைச் செய்தி ஓயவே இல்லை. ஆக்சிஜன் 94க்குக் கீழே போனால் அபாயம் என்று நிறுவனம் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்தது. அம்மாவுக்கோ எப்போதும் 90, 91தான். பதற்றத்தில் யாராவது ஆக்சிஜன் மெஷினைக் கூட்டிவைத்தால் என்ன ஆவது? சிஓபிடி முற்றியவர்களுக்குப் பொதுவாக 88 முதல் 92 வரைதான் இலக்கு. அளவுக்கு மீறி ஏற்றினால் ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து நினைவு தப்பும் அளவுக்குப் போகலாம். மருத்துவரிடம் எழுதி வாங்கி அனுப்பிய பிறகே எல்லையை 88 ஆக்கினார்கள். சேர்க்கும்போதே அவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் அந்தச் செவிலியர்! பெரும்பாலும் ஒரே பெண்தான் அழைக்கிறார். ஒரு மார்கழிக் காலையில் 84 என்று காட்டியது. “பாத்திரம் கழுவிவிட்டு வந்தீர்களா அம்மா?” என்றுதான் முதலில் கேட்டார். ஆமாம், விரல் சில்லிட்டுப் போயிருந்தது. கையைத் துடைத்து, சூடு பறக்கத் தேய்த்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மாட்டச் சொன்னார். 91 வந்தது. இன்னொரு நாள் எண்ணில் குறையே இல்லை. பேச்சுக்கு நடுவே அம்மாவுக்கு மூச்சு வாங்குவதைக் கவனித்து, சளி என்ன நிறம் என்று விசாரித்தார். பச்சை. அன்றே மருத்துவரிடம் பேசி மருந்து தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் படுக்க நேரவில்லை. ஆக்சிமீட்டர் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். நான் பணம் கட்டுவது இந்தக் காதுக்குத்தான்.

பெரிய குறை இரவு. விளம்பரத்தில் 24 மணி நேரக் கண்காணிப்பு என்கிறார்கள். எண் பதிவாவது 24 மணி நேரம். இரவு எட்டுக்குமேல் அதைப் பார்க்க ஆள் இல்லை. 2010இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், இதயச் செயலிழப்பு நோயாளிகள் தொலைபேசியில் தானியங்கிக் குரலுக்குத் தினமும் விவரம் சொல்லியும் பலன் தெரியவில்லை. 2018இல் ஜெர்மனியின் டிம்-ஹெச்எஃப்2 என்ற ஆய்வில் அதே வகை நோயாளிகளை வீட்டிலிருந்தபடியே கண்காணித்ததில் இறப்பு குறைந்தது. அங்கே இரவும் பகலும் மருத்துவர்கள் கவனித்தார்கள். இரண்டு ஆய்வுக்கும் வேறு வித்தியாசங்களும் உண்டு. ஆனாலும் ஆள் இருப்பது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

கட்டணம் அம்மாவின் இன்ஹேலர் செலவுக்குக் கிட்டத்தட்டச் சமம். கொடுக்கலாம். சேருமுன், இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் யார் போனை எடுப்பார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில், 108ஐ அழையுங்கள் என்பது. அது மாறும்வரை ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண்.