கத்திரி வெயிலில் செல்லப்பிராணிகள்: எந்த ஏற்பாடு தாங்கும், காப்பகங்களுக்கு எந்த உதவி சேரும்?

மே மாதம் 4 ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 ஆம் தேதி வரை நீளும் கத்திரி வெயில், நாய் பூனை வளர்க்கும் வீடுகளின் முன் மூன்று கேள்விகளை வைக்கிறது. நண்பகலில் அவற்றை எங்கே இருத்துவது? விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது யாரிடம் விடுவது? நம் வீட்டுப் பிராணியைப் போல ஆள் துணை இல்லாத காப்பகத்துப் பிராணிகளுக்கு எதைக் கொடுப்பது? மூன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், செலவு அதிகமான ஏற்பாட்டைவிட, ஒரு மனிதர் அருகில் இருந்து கவனிக்கும் ஏற்பாடே பெரும்பாலும் மேலானது என்பது என் கருத்து.

முதலில் உடலின் கணக்கைப் பார்க்க வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் சூடு அதற்கு அன்றாடம். பாதங்களில் சிறிதளவு தவிர அதற்கு வியர்ப்பதில்லை என்பதால், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும்போது வாயிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரம் ஆவியாகித்தான் உடல் தணிகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். எனவே வேலூரின் வறண்ட 40 டிகிரி செல்சியஸோடு ஒப்பிட்டு, சென்னையில் 37 தானே என்று நிம்மதி அடைவதற்கு இடமில்லை. கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும் நாட்களில் சென்னையும் சளைத்ததல்ல. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது.

நண்பகலுக்கு ஏசி அறையா, மின்விசிறியும் ஈரத் தரையுமா என்பதே பல வீடுகளில் நடக்கும் விவாதம். ஏசி வெப்பத்தோடு காற்றின் ஈரத்தையும் குறைக்கிறது. ஆகவே பக், ஷிட்சு, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும், பெர்சியன் பூனைக்கும், வயதான அல்லது உடல் பருத்த பிராணிகளுக்கும் அதற்கு ஈடான மாற்று இல்லை. இவற்றின் மூச்சுப்பாதை இயல்பிலேயே குறுகலானது அல்லது தளர்ந்தது என்பதால் மூச்சிரைத்துத் தணியும் திறன் குறைவு. ஆனால் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுவிட்டு எல்லோரும் வேலைக்குப் போகும் வீட்டில், மின்தடை ஏற்பட்ட அரை மணியில் அந்த அறை நிலைமை தலைகீழாகிவிடும். வெளியேற வழியில்லாத பிராணிக்கு, அடைத்த அறையைவிடத் திறந்த கூடமே பாதுகாப்பானது. ஏசி போடுபவர்கள் குளியலறைக்காவது ஒரு வழி திறந்து வைக்க வேண்டும்.

மின்விசிறியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. வியர்க்கும் நமக்கு அது தரும் சுகம், உலர்ந்த ரோமம் கொண்ட நாய்க்குக் கிடைப்பதில்லை. அதே நாயின் வயிற்றையும் தொடை இடுக்கையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்துவிட்டு விசிறியின் கீழ் படுக்க வைத்தால், நீர் ஆவியாகும்போது நன்றாகவே தணியும். தரைத்தளத்தில் சிவப்புக் காவித் தரையோ மொசைக்கோ உள்ள வீடுகளில், நாயே பகல் முழுவதும் இடம் மாறி மாறிக் குளிர்ந்த கட்டத்தைத் தேடி வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். அதைத் தடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. சிப்பிப்பாறை, கன்னி, நாட்டு நாய் போன்ற குட்டை ரோம இனங்களுக்கு இந்த ஏற்பாடு போதும் என்பேன். வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையத்துக்கும் இதுவே பொருந்தும். ஆனால் அதன் தோல் வெயிலில் எளிதில் கன்றிவிடும் என்பதால் நேர் வெயில் ஆகாது. மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள வீடுகளின் கதை வேறு. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் நள்ளிரவு வரை வெப்பத்தைக் கீழே கக்கிக்கொண்டிருக்க, விசிறி அந்தச் சூட்டையே சுழற்றுகிறது. அங்கே ஏசி இல்லையென்றால், பகலில் கீழ்வீட்டு நிழலுக்கு ஏற்பாடு செய்வதே சரி.

மொட்டை மாடித் தகரக் கூண்டையும் வாசல் கம்பியில் கட்டிய குட்டைச் சங்கிலியையும் இந்த ஒப்பீட்டில் ஒரு தேர்வாகவே நான் சேர்க்கவில்லை. நிழல் நகரும், கட்டப்பட்ட நாயால் நகர முடியாது. 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராமலிருப்பதையும், நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதையும் குற்றமாகவே சொல்கிறது.

தண்ணீர்ப் பாத்திரம் சிறிய விஷயமாகத் தோன்றும். எவர்சில்வர் கிண்ணம் கழுவ எளிது, ஆனால் வெயில் எட்டிப் பார்க்கும் இடத்தில் வைத்தால் பிற்பகலில் நாய் முகர்ந்துவிட்டு விலகும் அளவுக்குச் சுடும். பிளாஸ்டிக் கிண்ணம் கீறல் விழுந்து வழுக்கும், மூக்கால் தள்ளினால் கவிழும். அகன்ற மண்சட்டியின் சுவரில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்ந்தே இருக்கிறது. கனமாக இருப்பதால் கவிழ்வதும் இல்லை. பாசி பிடிக்காமல் நார் கொண்டு நாள்தோறும் தேய்க்க வேண்டும் என்பது ஒன்றே அதன் குறை. வீட்டுக்குள் மண்சட்டியும், தெருநாய்களுக்காக வாசலில் சிமெண்ட் தொட்டியும் என்பது என் பரிந்துரை. தொட்டி நீரைத் தினமும் கவிழ்த்து மாற்றாவிட்டால் கொசுப்புழு வளரும்.

மொட்டை அடிப்பதா, சீவிவிடுவதா என்பதில் குழப்பம் வேண்டாம். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகியவற்றுக்கு இரட்டை அடுக்கு ரோமம். மேலடுக்கு வெயிலைத் தடுக்கும், உதிரும் கீழடுக்கைச் சீவி எடுத்தால் காற்று புகும். வழித்தெடுப்பது அந்தக் காப்பைப் பறிப்பதாகும். நடைப்பயிற்சிக்கு மாலையைவிட விடியற்காலையே மேல். சூரியன் மறைந்த பின்னும் தார்ச்சாலை நெடுநேரம் சுடுகிறது. புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியவில்லையென்றால் நாயின் பாதங்களாலும் முடியாது.

வெப்பத்தாக்கு ஏற்பட்டுவிட்டால் மருத்துவரிடம் விரைவதா, வீட்டிலேயே குளிர்விப்பதா? மூச்சிரைப்பு நிற்காமை, எச்சில் கொழகொழத்து வடிதல், ஈறு செங்கல் நிறமாதல், தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அறிகுறிகள். இங்கே இரண்டும் தேவை, ஆனால் வரிசை முக்கியம்: முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகு கொண்டுபோக வேண்டும். குழாய்த் தண்ணீரை உடல் முழுவதும் தொடர்ந்து ஊற்றி விசிறிவிட வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் அது சூட்டைச் சிறைப்படுத்தும். மயங்கிய பிராணியின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தெளிந்துவிட்டது போலத் தோன்றினாலும் சிறுநீரகமும் இரத்தம் உறையும் தன்மையும் பின்னால் பாதிக்கப்படலாம் என்பதால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

விடுமுறைப் பயணத்துக்கு வருவோம். உடன் அழைத்துச் செல்வது பாசமான முடிவாகத் தோன்றினாலும், காரில் சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடைவேளைதான் அதன் அபாயம். நிறுத்திய காரின் உட்புறம் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் உயரக்கூடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. ஒருவர் மாற்றி ஒருவர் நாயுடன் வெளியே நிழலில் நிற்க ஆயத்தமாக இருந்தால் மட்டுமே கார்ப் பயணம் சரிவரும். ரயிலில் முதல் வகுப்பு ஏசியின் கூப்பே (இருவர் அறை) அல்லது கேபின் (நால்வர் அறை) முழுவதையும் பதிவு செய்தவர்கள் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களின் நாய்க்குக் கிடைப்பது லக்கேஜ் வேனில் உள்ள பெட்டி. மே மாதப் பகல் வண்டியில் அந்தப் பெட்டிக்கு எந்த நாயையும் அனுப்ப என் மனம் ஒப்பாது.

காசு கொடுத்து விடும் போர்டிங் விடுதிகளில் நல்லவையும் உண்டு. பிற்பகல் இரண்டு மணிக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். காலையில் பார்த்தால் எல்லா இடமும் குளிர்ச்சியாகவே இருக்கும். இரவில் ஆள் தங்குகிறாரா, ஜெனரேட்டர் இருக்கிறதா, தடுப்பூசிச் சான்று கேட்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். சான்று கேட்காத இடம் மலிவாக இருந்தாலும் தவிர்க்கத்தக்கது. தடுப்பூசியைக் கேட்காதவர்கள் உண்ணியையும் பார்க்க மாட்டார்கள் என்பதால், கோடையில் பெருகும் உண்ணிகளின் வழியே எர்லிக்கியா, பபேசியா போன்ற காய்ச்சல்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும் இடம் அதுவே. இவற்றோடு ஒப்பிட்டால், பிராணியை அதன் வீட்டிலேயே விட்டு, பழகிய உறவினரோ அண்டை வீட்டாரோ வந்து தங்குவது எல்லா வகையிலும் முந்துகிறது. பூனைக்கு இது இன்னும் பொருந்தும். அது ஆளைவிட இடத்தோடு ஒட்டியது. தங்க முடியாமல் நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் ஏற்பாடு மட்டுமே இயலும் என்றால், நாய்க்கு அதைவிட நல்ல போர்டிங் மேல்.

இன்னொரு வழியையும் சிலர் கையாள்கிறார்கள்: காப்பகத்தின் வாசலில் கட்டிவிட்டுப் போவது. காப்பகம் விடுதி அன்று. 1959 இல் கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் தொடங்கிய இந்திய ப்ளூ கிராஸ், அடிபட்டவற்றுக்கும் ஆதரவற்றவற்றுக்கும் இடம் தர உருவானது. தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்யும் திட்டத்தை 1964 இல் முன்வைத்ததும் அதுவே. சென்னை மாநகராட்சி 1996 இல் அந்த வழியை ஏற்றது. அத்தகைய இடங்களில் வீட்டு நாய் ஒன்று நுழையும்போது, வண்டியில் அடிபட்டு வரும் தெருநாய்க்கான கூண்டு ஒன்று போய்விடுகிறது. நம் பிராணிக்கு ஒழுங்கான ஏற்பாடு செய்வதே காப்பகத்துக்கு நாம் செய்யும் முதல் உதவி.

அதற்கு மேல் என்ன செய்யலாம்? பொருள் கொடுப்பது கண்ணுக்குத் தெரிவதால் பலருக்கும் பிடித்த வழி. அரிசி, பழைய பருத்திப் போர்வை, செய்தித்தாள், பினாயில் எல்லாம் பயன்படும். ஆனால் பிறந்தநாள் கொண்டாட்டமாகக் கொண்டுவரும் கிரீம் பிஸ்கட் மூட்டைகள் பயனற்றவை. அவற்றில் சாக்லேட் இருந்தால் தீங்கும் உண்டு. என்ன தேவை என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு வாங்குபவரே உதவுபவர். பணம் அதைவிட வளைந்து கொடுக்கும்: குளுக்கோஸ் பாட்டில், தண்ணீர் லாரி, மின்கட்டணம், ஆம்புலன்ஸ் டீசல் என்று அன்றைய தேவைக்குப் போகும். ஒருமுறை கொடுக்கும் பெருந்தொகையைவிட மாதந்தோறும் வரும் 200 ரூபாயை நான் உயர்வாக மதிக்கிறேன், ஏனெனில் சம்பளமும் மருந்தும் மாதக் கணக்கில்தான் நிற்கின்றன. நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி பதிவுள்ள அமைப்புக்குக் கொடுத்தால் பழைய வருமான வரி முறையில் கழிவு கிடைக்கும். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது.

நேரம் கொடுப்பவர்கள் வரவேற்கத்தக்கவர்கள், ஆனால் ஒரு ஞாயிறு வந்து படம் எடுத்துச் செல்பவருக்கு வழிகாட்டவே ஒரு ஊழியரின் காலைப்பொழுது போய்விடும். வாரம் ஒரே நாளில் தவறாமல் வந்து கூண்டு கழுவி, நண்பகலில் தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பும் ஒருவரால்தான் கோடையில் பிராணிகள் பிழைக்கின்றன. தத்தெடுப்பு எல்லாவற்றிலும் உயர்ந்தது என்றாலும், அது பத்துப் பதினைந்து ஆண்டுப் பொறுப்பு. பள்ளி விடுமுறையில் குழந்தைகள் கேட்கிறார்கள் என்பதற்காக மே மாதத்தில் எடுத்து ஜூனில் திருப்பித் தருவது அந்தக் குட்டியை இரண்டாம் முறை அநாதையாக்குவதாகும்.

இந்த இடத்தில்தான் தற்காலிக வளர்ப்பு என் பட்டியலில் முதலிடத்துக்கு வருகிறது. நெரிசலான காப்பகத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்கள் தடுப்பூசி முடியாத நாய்க்குட்டிகளை எளிதில் தாக்குகின்றன. அவற்றில் ஒன்றிரண்டைச் சில வாரங்கள் வீட்டில் வைத்துக்கொள்பவர், குட்டியையும் காக்கிறார், காப்பகத்தில் ஒரு கூண்டையும் விடுவிக்கிறார். விடுமுறையில் வீட்டில் ஆள் இருப்பது இதற்கு வசதியும்கூட. நிபந்தனைகள் சில உண்டு. வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் அதற்குத் தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும், புதிய குட்டிக்குத் தனி அறையும் தனிப் பாத்திரமும் வேண்டும். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், அண்மையில் அந்த நோயில் நாயை இழந்த வீடு இந்தக் கோடையில் குட்டியை எடுக்காமல், தடுப்பூசி முடிந்து அடிபட்ட காலோடு தேறிவரும் வளர்ந்த நாயைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மருந்துச் செலவு யாருடையது, இரவில் உடல்நிலை மோசமானால் எந்த எண்ணை அழைப்பது, எந்தத் தேதியில் திருப்பித் தருவது என்பவற்றைக் காப்பகத்தாரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.