மலேசியாவுக்கு ‘விசா சார்ஜ்’ கேட்டால் கொடுக்காதீர்கள்

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் கிளம்பிய நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு டிராவல்ஸ் போட்ட பில்: விசா தலைக்கு 2,500 ரூபாய், டிஜிட்டல் கார்டு தலைக்கு 900, ரிட்டர்ன் டிக்கெட் ‘ஏற்பாடு’ தலைக்கு 600. ஆக மொத்தம் 16,000. இதில் ஒரு ரூபாய்கூட நியாயமாகக் கொடுக்க வேண்டிய பணம் இல்லை. இதே மாதிரி பில் வேறு ஊர்களிலும் ஓடுகிறது என்பதால் வரிவரியாகச் சொல்கிறோம்.

முதல் வரி, விசா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் விசா கேட்பதில்லை. சுற்றுலாவுக்கு 30 நாள் தங்கலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். இல்லாத விசாவுக்கு என்ன கட்டணம்? அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த ‘விசா’ வெறும் ஒரு பிரிண்ட் அவுட். மேலே மலேசிய அரசுச் சின்னம், கீழே ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் டிராவல்ஸ்காரரின் வாட்ஸ்அப் திறக்கிறது.

அடுத்தது எம்டிஏசி எனப்படும் டிஜிட்டல் வருகை அட்டை. இது கட்டாயம்தான், கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டும். ஆனால் முழுக்க இலவசம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். ஒரு மாதம் முன்பே “போட்டாச்சு” என்று ஒருவர் சொன்னால், அவர் எதையும் போடவில்லை என்று அர்த்தம். இந்தக் குடும்பத்துக்குக் கடைசி நேரத்தில் போட்டிருக்கிறார்கள், அதிலும் பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஓ என்ற எழுத்து. உறுதிப்படுத்தும் மெயில் டிராவல்ஸின் முகவரிக்குப் போனதால் தப்பு யார் கண்ணிலும் படவில்லை. கோலாலம்பூர் கவுண்ட்டரில்தான் தெரிந்தது. நான்கு பேருக்கும் அங்கேயே நின்று போனில் மறுபடி நிரப்ப வேண்டியதாயிற்று. மெயில் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தாய்லாந்துக்கும் 2025 மே 1 முதல் இதே போல டிடிஏசி என்ற அட்டை வந்துவிட்டது. அதுவும் இலவசம், அதற்கும் மூன்று நாள் கணக்குதான். கூகுளில் தேடினால் முதலில் விளம்பரமாக வருவது பெரும்பாலும் காசு பிடுங்கும் தளம். தளத்தின் முகவரி எப்படி முடிகிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் உள்ள https:// பகுதியை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால் மலேசியா என்றால் ‘ஜிஓவி டாட் எம்ஒய்’, தாய்லாந்து என்றால் ‘ஜிஓ டாட் டிஎச்’ என்று முடிய வேண்டும். அந்த எழுத்துகள் நடுவில் வந்து கடைசியில் ‘டாட் காம்’ இருந்தால் மூடிவிடுங்கள்.

மூன்றாவது வரிதான் பயணத்தையே நிறுத்தக்கூடியது. அந்த 600 ரூபாய் ‘ஏற்பாடு’ என்பது பணம் கட்டாமல் பிடித்து வைக்கிற புக்கிங். ஓரிரு நாளில் பிஎன்ஆர் (புக்கிங் எண்) தானாகவே ரத்தாகிவிடும். உள்ளே விட மறுக்கப்படும் பயணியைத் திரும்பக் கூட்டி வரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும், அதனால் செக்-இன் கவுண்ட்டரிலேயே பிஎன்ஆரைத் தட்டிப் பார்ப்பார்கள். செத்துப்போன பிஎன்ஆர் என்றால் போர்டிங் பாஸ் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாகக் காலம் இருந்தாலும் அதே கதி. உண்மையான திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் புக்கிங், செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம், இந்த மூன்றையும் கையில் வைத்திருங்கள். விசா வேண்டாம் என்பது உள்ளே விட்டே ஆக வேண்டும் என்பதல்ல, முடிவு குடிவரவு அதிகாரியுடையது.

“இத்தனை நாட்டுக்கு விசா ஃப்ரீ” என்ற விளம்பரங்களையும் நம்பிப் புறப்படாதீர்கள். அவர்கள் காட்டும் ஹென்லி பட்டியல் (பாஸ்போர்ட்டுகளின் தரவரிசை) கணக்கில் இறங்கியபின் எடுக்கும் விசாவும் சேர்த்தி. பாலிக்குப் போகிறவர் அந்த விசாவுக்கு 5 லட்சம் ருப்பியா கட்டித்தான் உள்ளே போக முடியும். மலேசியாவிலிருந்து சிங்கப்பூரை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும், அங்கே கேட்கும் வருகை அட்டை விசா ஆகாது.

பணம் போவதோடு நிற்காத மோசடி ஒன்று உண்டு. “விசா இல்லாமல் உள்ளே போ, வேலை அனுமதியை அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்பவரிடம் பேச்சையே தொடராதீர்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று போனவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோய் ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 549 இந்தியர்களை தாய்லாந்து எல்லை ஊரான மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் மீட்டு வர வேண்டியிருந்தது. வேலை ஆசை காட்டி இந்தியர்களை ஈரானுக்கு வரவழைத்துக் கடத்திப் பணம் பறித்தார்கள். அதன் பிறகு 2025 நவம்பர் 22 முதல் ஈரான் நமக்கான விசா விலக்கையே நிறுத்தி வைத்தது.

வேலைக்குப் போகிறவர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுக்காதீர்கள்.

போலித் தளத்தில் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், நேரம் போகப் போகப் பணத்தை முடக்குவது கஷ்டம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் அந்தப் பரிவர்த்தனையை மறுத்து எழுதிக்கொடுத்து, கார்டையும் பிளாக் செய்யுங்கள். பிறகு சரியான தளத்தில் அட்டையைப் புதிதாக நிரப்புங்கள். பழையது பதிவாகியிருக்கும் என்று நம்பி விமானம் ஏறாதீர்கள்.