அளவுக் கப் செட்டா, சமையல் தராசா?

கடையில் கிடைக்கும் நாலு ஸ்டீல் கப் கொண்ட செட், தண்ணீருக்கும் பாலுக்கும் கச்சிதம். மாவுக்கு நம்ப முடியாது. 240 மி.லி. கப்பில் மைதாவைக் கரண்டியால் தளர்வாகப் போட்டு, கத்தி முதுகால் வழித்தால் சுமார் 120 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி மொண்டால் 150 வரை ஏறிவிடும். கேக் வறண்டு போக இதுவும் ஒரு காரணம். சர்க்கரை அவ்வளவு ஏமாற்றாது, 200 கிராம்.

வாங்கியதும் கப்பைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். 240 கிராம் காட்டினால் சரியான கப். சிலவற்றில் 250 வரும்.

சிட்டிகை ஈஸ்ட், சமையல் சோடாவுக்கு 1 கிராம் படியில் காட்டும் தராசு உதவாது. அங்கே 5 மி.லி. ஸ்பூன்தான். மாவு பிசைய, தராசையே வாங்குங்கள்.