முழங்கால் தேய்மானம்: பிரேஸா, பாதி மூட்டா, முழு மூட்டா?

சமதரையில் நடக்கும் 70 கிலோ மனிதரின் முழங்காலில் ஒவ்வோர் அடிக்கும் ஏறத்தாழ 180 கிலோ அழுத்தம் விழுகிறது. படி இறங்கும்போது அது 240 கிலோவைத் தொடும். இது காகிதத்தில் போட்ட கணக்கல்ல. பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் சிலருக்குப் பொருத்திய செயற்கை மூட்டுக்குள்ளேயே உணரிகளை வைத்து அளந்தார்கள்: நடையில் உடல் எடையைப் போல 2.6 மடங்கு, படி ஏறுகையில் 3.2 மடங்கு, இறங்குகையில் 3.5 மடங்கு. உடம்பின் எடை இதில் ஒரு மடங்கு கூட இல்லை. மிச்சமெல்லாம் மூட்டை மடங்கி விழாமல் பிடித்து நிறுத்தத் தசைகள் இழுக்கும் இழுப்பு.

இந்தச் சுமை மூட்டின் இரு பக்கமும் சமமாக இறங்குவதில்லை. எடை விழும் கோடு முழங்காலுக்குச் சற்று உட்புறமாகப் போவதால் மூன்றில் இரண்டு பங்கை உட்பக்கம்தான் தாங்குகிறது. அங்கே குருத்தெலும்பு தேயத் தேயக் கால் வில்லாக வளையும். வளைய வளைய எடைக்கோடு இன்னும் உள்ளே போகும். போகப் போகத் தேய்மானம் வேகமெடுக்கும். வயதான பலரிடம் நாம் பார்க்கும் வில்கால் நடை பெரும்பாலும் இப்படி வந்ததுதான். வெளியே கட்டும் பிரேஸும், தேய்ந்த பக்கத்தை மட்டும் செயற்கையாக மாற்றும் பாதி மூட்டும், மூட்டு முழுவதையும் மாற்றும் முழு மூட்டும் இந்தச் சுழலை வெவ்வேறு இடத்தில் அறுக்கப் பார்க்கின்றன.

எது யாருக்கு என்பதை வலியை விட ஒரு சின்னச் சோதனை தெளிவாகச் சொல்லும். படுக்கவைத்து, முழங்காலை 20 டிகிரி மடக்கி, வெளிப்புறத்திலிருந்து கையால் தள்ளினால் வளைவு நிமிர்கிறதா? அந்த நிலையில் எடுத்த எக்ஸ்-ரேயில் வெளிப்பக்க இடைவெளி முழுசாகத் தெரிகிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் பிரேஸும் பாதி மூட்டும் பேச்சில் இருக்கின்றன. வளைவு இறுகிப் போயிருந்தால் இரண்டுமே வெளியே.

நீ கேப், ஹிஞ்ச் பிரேஸ், அன்லோடர்

மருந்துக்கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ‘நீ கேப்’ மூட்டுக்குச் சூடு தரும், இலேசான அழுத்தம் தரும், முழங்கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வைத் தோல் வழியாகக் கூட்டும். அதனால் வலி குறைந்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் உட்பக்கச் சுமையில் ஒரு கிலோவைக்கூட அது நகர்த்தாது. துணிக்குள் இருபுறமும் உலோகப் பட்டை வைத்த ஹிஞ்ச் பிரேஸ் பக்கவாட்டு லிகமெண்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) காயத்துக்கானது. கால் பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும், அவ்வளவே. இதைத் தேய்மானத்துக்கென்று விற்பது கடைக்காரருக்கு நல்லது, வாங்குபவருக்கு அல்ல.

சுமையை நிஜமாகவே நகர்த்துவது அன்லோடர் வகை மட்டும். அது மூன்று இடத்தில் அழுத்துகிறது: தொடையின் உட்புறம், கெண்டைக்காலின் உட்புறம், இவற்றுக்கு நடுவே முழங்காலின் வெளிப்புறம். வளைந்த கழியைக் கையில் பிடித்து முழங்காலில் வைத்து நிமிர்த்துவது போன்ற வேலை.

எவ்வளவு நகரும்? ஒரு நல்ல பிரேஸ் 10 நியூட்டன்-மீட்டர் திருகு (வளைந்த காலை நிமிர்த்தத் திருப்பும் விசை) தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டின் உள், வெளித் தொடுபுள்ளிகளுக்கு இடையே சுமார் 48 மி.மீ. பத்தை அதால் வகுத்தால் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போவது ஏறத்தாழ 21 கிலோ. அங்கே இருந்த 120 கிலோவில் இது ஆறில் ஒரு பங்கு. இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள்: அதே திருகைத் தர, 20 செ.மீ. கைநீளமுள்ள சட்டம் தொடையிலும் கெண்டையிலும் தலா 5 கிலோ, நடுவில் 10 கிலோ தோலை அழுத்த வேண்டும். பிரேஸ் ஏன் அலமாரிக்குப் போகிறது என்ற கேள்விக்கு விடை இந்தப் பத்துக் கிலோதான். பெர்லின் அளவீட்டிலும் இதே கதை: மூன்று நோயாளிகளிடம் பார்த்ததில், சட்டத்தை 8 டிகிரி திருப்பியபோது உட்பக்கச் சுமை கால் பங்கு அளவுக்குக் குறைந்தது, ஆனால் அந்த இறுக்கத்தில் நெடுநேரம் போட்டிருக்க முடியவில்லை. பொறுக்கக்கூடிய 4 டிகிரியில் பலனும் சிறுத்துவிட்டது.

ஆகவே அளவும் அணியும் முறையும் தவறினால் கொஞ்சநஞ்சப் பலனும் போய்விடும். முழங்கால் சில்லின் நடுவிலிருந்து 15 செ.மீ. மேலே தொடைச் சுற்றளவு, 15 செ.மீ. கீழே கெண்டைச் சுற்றளவு, இரண்டையும் நின்றபடி அளக்க வேண்டும். போடும்போது நாற்காலி நுனியில் உட்கார்ந்து முழங்காலை மடக்கி, கெண்டைச் சதையின் புடைப்புக்கு மேலுள்ள பட்டியை முதலில் கட்டுங்கள். பிரேஸை வழுக்காமல் தாங்குவது அந்தப் பட்டி. பிறகு தொடைப் பட்டி. இழுவிசை தரும் குறுக்குப் பட்டியைக் காலை நீட்டிய பிறகுதான் இறுக்க வேண்டும். பிரேஸ் மடங்கும் கீலின் மையம் சில்லின் மேல்விளிம்பு உயரத்தில், பக்கவாட்டில் நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். தொடை கூம்பு வடிவம் என்பதால் பிரேஸ் எப்போதும் கீழே இறங்கப் பார்க்கும். கீல் 2 செ.மீ. இறங்கினாலே சட்டம் ஒரு மையத்திலும் மூட்டு இன்னொரு மையத்திலும் மடங்கும். தோல் உரசிப் புண்ணாகும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு மெல்லக் கூட்டி, நடக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டால் போதும். தூக்கத்தில் தேவையே இல்லை.

காலில் இரத்த ஓட்டக் குறைவு, ஆழ்சிரையில் இரத்தக்கட்டு, வெளிப்பக்கத்திலும் தேய்மானம், முழு நிமிர்வுக்கு 10 டிகிரிக்கு மேல் குறையும் முழங்கால் இவற்றில் ஏதாவது இருந்தால் அன்லோடர் வேண்டாம். பருத்த தொடையில் சதைதான் நசுங்கும். விசை எலும்புக்குப் போய்ச் சேராது.

போட்டிக்கு இன்னும் மூன்று மலிவான ஆட்கள் உண்டு. வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் ஊன்றுகோல்: பலர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள், அது பாதி வீண். செருப்பின் வெளிவிளிம்பில் 5 டிகிரி ஆப்பு: காலை வில்லாக வளைக்கும் திருகை ஐந்தாறு சதவீதம் குறைக்கிறது, ஆனால் வலியில் பெரிதாக எதுவும் தெரிவதில்லை. மூன்றாவது எடைக் குறைப்பு. எடை குறைத்தவர்களிடம் செய்த ஓர் ஆய்வின்படி, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ இளைத்தவருக்கு, மேலே சொன்ன பிரேஸ் உட்பக்கத்திலிருந்து நகர்த்தும் அளவுக்கு நிகராக மூட்டின் மொத்தச் சுமையே இறங்கிவிடும். தோலில் புண்ணும் வராது.

பாதி மூட்டு

உட்பக்கம் மட்டும் எலும்போடு எலும்பு உரசுகிறது, முன்குறுக்கு லிகமெண்டான ஏசிஎல் உறுதியாக இருக்கிறது, வளைவு கையால் நிமிர்கிறது, முழு நிமிர்வுக்குக் குறைவது 15 டிகிரிக்குள். இவர்களுக்கு உட்பக்கத்தை மட்டும் மாற்றலாம். எல்லா லிகமெண்டும் தங்குவதால் முழங்கால் பழையபடியே உருண்டு வழுக்கும். நடையில் ‘இது என் கால்தான்’ என்ற உணர்வு கூடுதல். ஆக்ஸ்ஃபோர்டில் குட்ஃபெலோவும் ஓ’கானரும் 1970-களில் வடிவமைத்த மூட்டில், கோளமான உலோகத்துக்கும் தட்டையான தட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் துண்டு ஒட்டாமல் நகரும். தொடுபரப்பு பெரிது, தேய்மானம் மிகக் குறைவு. அதற்குக் கொடுக்கும் விலை? துண்டு நழுவி வெளியே வரலாம். குந்தியும் தரையில் அமர்ந்தும் வாழும் ஆசியர்களிடம் இது கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. தட்டோடு பூட்டிய நிலையான வகையில் இந்தப் பயம் இல்லை. பதிலாக, தொடுபுள்ளி சிறிதாவதால் பிளாஸ்டிக் தேயும்.

இங்கே அறுவை மருத்துவர் செய்யக்கூடிய பெரிய தவறு, காலை அளவுக்கு மீறி நிமிர்த்துவது. தடித்த பிளாஸ்டிக் துண்டைத் திணித்து வளைவை முழுக்கப் போக்கினால் சுமை வெளிப்பக்கம் சாய்ந்து, நன்றாயிருந்த பாதியும் சில ஆண்டுகளில் தேயும். இலேசான வில்லை விட்டுவைப்பதே சரி. கீழ்க்கால் எலும்பில் செங்குத்து வெட்டு ஆழமாக இறங்கிவிட்டால் அந்த வழியே எலும்பு உடையும். அறுவைக்குப் பின் உட்பக்கம் தாளமுடியாத வலி வந்தால் முதலில் நினைக்க வேண்டியது அதைத்தான்.

நீடிப்பில் முழு மூட்டு முந்துகிறது. 2019-இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வின்படி 25 ஆண்டுக்குப் பின்னும் மாற்றாமல் இருந்தவை முழு மூட்டில் சுமார் 82 சதவீதம், பாதி மூட்டில் 70. ஆனால் அதே ஆண்டு, அதே இதழில், பிரிட்டனில் 528 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த டாப்காட் ஆய்வு, ஐந்தாண்டு முடிவில் வலியிலும் செயல்பாட்டிலும் இரண்டும் நிகர், செலவில் பாதி மூட்டே சிக்கனம் என்றது. பாதி மூட்டு வலித்தால் ‘முழுசாக மாற்றிவிடலாம்’ என்று மருத்துவர் எளிதில் கத்தியை எடுப்பதும் அந்த 70-க்கு ஒரு காரணம். அறுபதைத் தாண்டாத, உடலுழைப்பு செய்பவருக்கு மூட்டையே தொடாமல் கீழ்க்கால் எலும்பை வெட்டி நிமிர்த்தும் அறுவை இன்னும் நல்ல போட்டி. அது தனியாகப் பேச வேண்டியது.

முழு மூட்டு: பெயரை விட வெட்டு முக்கியம்

தொடை எலும்பின் முனையில் சுமார் 9 மி.மீ., கீழ்க்கால் எலும்பின் மேல் தேயாத பக்கத்திலிருந்து அளந்து 8 முதல் 10 மி.மீ. வெட்டுகிறார்கள். எடுத்த கனத்துக்கு உலோகமும் பிளாஸ்டிக்கும் வைக்கிறார்கள். கலை இதில் இல்லை. கால் நீட்டியபோதும் 90 டிகிரி மடக்கியபோதும் இடைவெளி ஒரே அளவாக, செவ்வகமாக வருவதில் இருக்கிறது. மடக்கும் இடைவெளி இறுகினால் 90 டிகிரிக்கு மேல் கால் வராது, பிசியோதெரபிஸ்டைத் திட்டிப் பயனில்லை. தளர்ந்தால் படி இறங்கும்போது முழங்கால் நழுவுவது போலிருக்கும், அடிக்கடி வீங்கும். நீட்டும் இடைவெளி இறுகினால் கால் கடைசிவரை நிமிராது. தொடைப் பகுதியை உட்பக்கம் திருப்பிப் பொருத்திவிட்டால் சில்லு வெளியே இழுபடும்.

பின்குறுக்கு லிகமெண்டான பிசிஎல்லை விட்டுவைக்கும் சிஆர் வகையா, எடுத்துவிட்டு நடுவில் முளையும் அதில் முட்டும் உருளையும் வைக்கும் பிஎஸ் வகையா என்பது பழைய வழக்கு. சிஆரில் எலும்பு மிஞ்சும். ஆனால் பிசிஎல் நைந்திருந்தால் மடக்கும்போது தொடை எலும்பு பின்னே உருளாமல் முன்னே வழுக்கும். பிஎஸ்ஸில் 60–75 டிகிரியில் உருளை முளையைப் பிடித்துப் பின்னே தள்ளுவதால் மடக்கம் கணித்தபடி வரும். அதற்காகத் தொடை எலும்பின் நடுவே ஒரு பெட்டியளவு எலும்பு போகிறது, முளை தேயலாம், சில்லுக்கு மேல் தழும்புக் கட்டி வளர்ந்து நீட்டும்போது ‘டக்’கென்று ஒலிக்கலாம். ஆஸ்திரேலியாவின் மூட்டு மாற்றுப் பதிவேட்டில் பிஎஸ்ஸுக்கு மறு அறுவை சற்று அதிகம். வளைவு முற்றிய முழங்கால்களில் பிஎஸ் அதிகம் போடப்படுவதில் நியாயம் உண்டு. ஆகவே இதை நோயாளி தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, மருத்துவர் கைக்குப் பழகியதே மேல்.

விளம்பரம் பேசுவது வேறு இரண்டை: தங்க நிற மூட்டு, அதிகம் மடங்கும் என்று சொல்லும் ‘ஹை-ஃப்ளெக்ஸ்’ மூட்டு. தங்க நிறம் என்பது டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்குப் பொருத்தமான தேர்வு. மற்றவருக்கு அது முப்பதாண்டு உத்தரவாதம் ஆகாது. ஆக்சிடைஸ்டு சிர்கோனியத்தாலான கறுப்பு ஆக்சினியத்தை, அதே வடிவத்தில் வழக்கமான கோபால்ட்-குரோம் உலோகத்தோடு ஆஸ்திரேலியப் பதிவேட்டில் 12 ஆண்டு ஒப்பிட்டபோதும் மறு அறுவை குறையவில்லை. ஆயுளைக் கூட்டியது மேலே உள்ள உலோகமல்ல, நடுவே உள்ள குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஹை-ஃப்ளெக்ஸில் தொடை எலும்பின் பின்புறம் கூடுதலாக 2 மி.மீ. வெட்டி, உலோகத்தின் பின் வளைவை நீட்டுகிறார்கள். ஆய்வுகளில் மடக்கம் சொல்லும்படி கூடவில்லை. கொரியாவில் 2007-இல் வெளியான ஆய்வில் அத்தகைய 72 மூட்டுகளில் 27-இல் தொடைப் பகுதி தளர்ந்திருந்தது. குந்தியும் மண்டியிட்டும் உட்கார்ந்தவர்களிடம் அது கூடுதல். ஆழமாக மடக்கும்போது விசை பின்விளிம்பில் குவிந்து உலோகத்தை நெம்பி எடுப்பதுதான் காரணம். நாற்காலியிலிருந்து எழ 95–105 டிகிரி, படிக்கு 85–100 போதும். முழு மூட்டு பொதுவாக 110–120 தருகிறது. குந்தி உட்காரும் கழிப்பறைக்கு அது எட்டாது. வெஸ்டர்ன் டாய்லெட்டும் உயரமான கட்டிலும் அறுவைக்கு முன்பே வீட்டில் தயாராகட்டும்.

அறுவைக்குப் பின் தரும் நீளமான ‘லாங் நீ பிரேஸ்’ மூட்டைக் காப்பதற்கல்ல. நரம்பு மரத்துப்போகும் ஊசியால் தொடைத் தசை தூங்கும்போது கால் மடங்கி விழாமலிருக்க மட்டும். காலை நீட்டியபடி தூக்க முடிந்ததும் கழற்றிவிடலாம். பயத்தில் வாரக்கணக்கில் போட்டிருந்தால் மடக்கம்தான் போகும்.

விலையைப் பொறுத்தவரை, 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் கோபால்ட்-குரோம் முழு மூட்டுக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் மற்றும் ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் வகைக்கு 76,600 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது, ஜிஎஸ்டி தனி. பிறகு இவை திருத்தப்படுவதால் அன்றைய வரம்பைப் பார்த்து, பில்லில் இம்பிளான்ட் விலையைத் தனி வரியாகக் கேளுங்கள். ஒவ்வொரு பாகத்தின் உறையிலும் அளவும் தொகுப்பு எண்ணும் உள்ள ஒட்டுச்சீட்டு இருக்கும். அதன் நகலை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பதினைந்து ஆண்டு கழித்து பிளாஸ்டிக் மட்டும் மாற்ற வேண்டிவந்தால், அந்தச் சீட்டு இல்லாத மருத்துவர் உறுதியாக இருக்கும் உலோகத்தையும் சேர்த்தே பெயர்க்க நேரிடலாம்.