பால்கனியில் உட்கார்ந்து பீர் குடிக்க டிரிங்க் பேக்கேஜ் எதற்கு?

நேராகவே சொல்லிவிடுகிறேன். க்ரூஸ் கப்பல்களில் விற்கும் டிரிங்க் பேக்கேஜ், அதாவது நாளைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிட்டுத் தனித்தனியாகக் காசு கொடுக்காமல் குடிப்பது, காக்டெயில் ஆட்களுக்கானது. காலையில் நீச்சல்குளத்தோரம் ஒரு பினா கொலாடா, மதியம் மார்கரிட்டா, சாப்பாட்டோடு ஒயின், ராத்திரி விஸ்கி, நடுநடுவே இரண்டு லாட்டே என்று நாளைக் கழிக்கிறவர் போட்ட காசை எடுத்துவிடுவார். பகலெல்லாம் வெயிலில் சுற்றிவிட்டு, சாயங்காலம் கேபினுக்கு வந்து குளித்து, பால்கனிக் கதவைத் திறந்து, எதிர் நாற்காலியில் காலை நீட்டி, கடலைப் பார்த்துக்கொண்டு மெதுவாக இரண்டு பீர், மிஞ்சினால் நாலு, அதுதான் விடுமுறை என்று நினைக்கிற என்னைப் போன்ற ஆளுக்கு அது தண்டச் செலவு. ஐந்துக்கு இரண்டு மார்க்தான் கொடுப்பேன், அந்த இரண்டும் காபிக்காக.

நான் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு ஒரு மணி நேரக் கார்ப் பயணம்தான், அங்கிருந்து கார்னிவல், ராயல் கரீபியன், நார்வீஜியன், டிஸ்னி கம்பெனிகளின் கப்பல்கள் மெக்சிகோ பக்கம் போகின்றன. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் எங்கே கூட்டிப்போவது என்ற கேள்விக்கு இந்தப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேரின் பதில் க்ரூஸ்தான். அதனால் இங்கே சொல்வது அமெரிக்காவில் கிளம்பும் கப்பல்களின் கதை. சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்குச் சில விதிகள் மாறும், உதாரணமாக ராயல் கரீபியனில் குடிக்கும் வயது இங்கே 21, ஆசியப் பயணங்களில் 18.

முதலில் கணக்கு. பேக்கேஜ் விலை கப்பலுக்குக் கப்பல், தேதிக்குத் தேதி மாறும். ராயல் கரீபியனில் அறுபது டாலருக்குக் கீழேயும் பார்த்திருக்கிறேன், நூறைத் தாண்டியும் பார்த்திருக்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 18 சதவீதம் டிப்ஸ் தானாகவே ஏறும் (நார்வீஜியனில் 20 சதவீதம்). ஆக 82 டாலர் 60 சென்ட். ஒரு பீர் 8 டாலர், டிப்ஸோடு 9.44. அப்படியானால் பேக்கேஜ் காசு தேற நாளைக்கு ஒன்பது பீர் குடிக்க வேண்டும். ஒரு நாள் முடியலாம். ஏழு நாளும், மெக்சிகோவின் கோசுமேல் தீவில் இறங்கி ஊர் சுற்றுகிற நாளும் சேர்த்து, யாரால் முடியும்? முடிந்தாலும் அது விடுமுறையா? துறைமுகத்தில் கப்பல் நிற்கிற நாளுக்கும் பேக்கேஜ் காசு முழுசாகத்தான் எடுப்பார்கள், ஆனால் கரையில் இறங்கிக் குடிப்பதற்கு உங்கள் சொந்தக் காசுதான். ராயல் கரீபியனின் கோகோகே தீவு மாதிரி அவர்களுடைய சொந்த இடத்தில் பேக்கேஜ் செல்லும், மெக்சிகோக் கடற்கரையில் செல்லாது.

இது ஒரு ஆளுக்கான கணக்கு. உண்மையான அடி எங்கே விழுகிறது என்றால், ஒரே கேபினில் இருக்கும் 21 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒருவர் மது பேக்கேஜ் வாங்கினால் மற்ற எல்லாருமே வாங்க வேண்டும் என்ற விதியில். ராயல் கரீபியனிலும் இதுதான், கார்னிவலின் சியர்ஸ் பேக்கேஜிலும் இதுதான். காரணம் புரிகிறது, ஒருவர் தன் சாவிக் கார்டில் (கப்பலில் காசுக்குப் பதில் அதைத்தான் நீட்ட வேண்டும்) வாங்கி இன்னொருவர் குடிப்பார் என்ற பயம். ஆனால் நம் வீடுகளை யோசித்துப் பாருங்கள். என் மனைவிக்குப் பீர் வாடையே ஆகாது. அவளுக்கும் சேர்த்து ஏழு ராத்திரிக்குக் கட்டினால் இரண்டு பேருக்கும் 1,156 டாலர். பேக்கேஜ் இல்லாமல் நான் தினமும் நாலு பீர் குடித்தாலும் வாரத்துக்கு 264 டாலர்தான் வருகிறது. செலவை மிச்சம் பிடிக்க அப்பாவையும் அம்மாவையும் அதே கேபினில் படுக்க வைத்திருந்தால், ஏகாதசிக்குப் பட்டினி கிடக்கிற அம்மாவுக்கும் அளவில்லா மார்கரிட்டா பேக்கேஜ் வாங்க வேண்டியதுதான்.

இதற்கு வழி இருக்கிறது. ராயல் கரீபியனில் முன்கூட்டியே போன் செய்து, உடன் வருபவர் குடிக்காதவர், கர்ப்பிணி, மருந்து சாப்பிடுகிறார் என்று சொன்னால், அவருக்கு மதுவில்லாத ரிஃப்ரெஷ்மென்ட் பேக்கேஜ் மட்டும் வாங்க அனுமதித்ததாகப் பலர் சொல்வதுண்டு. கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் உரிமை மாதிரிக் கேட்காதீர்கள், எதிர்முனையில் எடுக்கிற ஆளின் மனசைப் பொறுத்தது. இரண்டு குடும்பமாகப் போகிறவர்கள் வேறு மாதிரி செய்வார்கள். பதிவில் குடிக்கிற இரண்டு பேரை ஒரு கேபினிலும் குடிக்காத இரண்டு பேரை இன்னொரு கேபினிலும் போட்டுவிட்டு, கப்பலில் ஏறியதும் கூடுதல் சாவிக் கார்டு வாங்கித் தங்கள் தங்கள் ஜோடியோடு இருந்துகொள்வது. சாமர்த்தியம்தான். பேக்கேஜ்தான் வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு அது உதவும்.

இப்போது கேபின் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை வாங்கும்போது யாருமே விளக்குவதில்லை. பேக்கேஜ் இருக்கிறது, ரூம் சர்வீஸில் பீர் சொன்னால் சும்மா வரும் என்று நினைக்காதீர்கள். ராயல் கரீபியன், கார்னிவல், நார்வீஜியன் மூன்றிலும் ரூம் சர்வீஸில் வரும் மதுவும் கேபின் மினி பாரும் பேக்கேஜுக்கு வெளியே. தனியாகப் பணம். அதாவது பேக்கேஜ் என்பது பாருக்கு நடந்து போய், கார்டை நீட்டி, ஒரு நேரத்துக்கு ஒன்று வாங்கிக்கொள்ளும் உரிமை, அவ்வளவுதான். கார்னிவலில் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் ஆக வேண்டும், 24 மணி நேரத்துக்கு 15 மதுதான் உச்சம். பதினைந்தைத் தொட்டுவிட்டால் காசு கொடுத்தாலும் மறுநாள் காலை ஆறு மணி வரை கிடையாது. பதினைந்து போதாது என்று புலம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

வாங்கிய பீரைக் கையில் எடுத்துக்கொண்டு கேபினுக்கு வரலாம், அதற்கு எந்தக் கப்பலிலும் தடை இல்லை, லிஃப்டில் பாதிப் பேர் கையில் கிளாஸோடுதான் நிற்பார்கள். பிரச்சினை தூரம். அல்லூர் ஆஃப் தி சீஸ் மாதிரிக் கப்பல் 360 மீட்டர் நீளம். பார் நடுவில், உங்கள் கேபின் முன் மூக்கில் என்றால், ஒரு கேனை எடுத்துவந்து குடித்து, திரும்ப நடந்து போய், வரிசையில் நின்று, அடுத்ததை எடுத்து வருவதற்குள் சூரியன் மறைந்துவிடும். நாங்கள் போன ஒரு கப்பலில் (பெயர் வேண்டாம்) கேனைத் திறக்காமல் கொடுங்கள், குளித்துவிட்டுக் குடிக்கிறேன் என்று பார்டெண்டரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே டப்பென்று திறந்து கையில் கொடுத்தார். பேக்கேஜில் மூடிய கேனாகத் தர மாட்டார்களாம், சேர்த்து வைத்து யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்று. அவர் மேல் கோபம் இல்லை, விதி போட்டவர் மேல்தான்.

அதே கப்பலில் கேபின் ஃபிரிட்ஜ் என்று ஒன்று இருந்ததே, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பல கப்பல்களில் அது ஃபிரிட்ஜ் இல்லை, வெறும் கூலர். கோடையில் நிழலில் வைத்த மண்பானைத் தண்ணீர் அளவுக்குக் குளிர்ச்சி வரும், அதற்கு மேல் வராது. தண்ணீருக்குச் சரி, பீருக்குக் கொடுமை. கேபினைச் சுத்தம் செய்ய வருகிறவரிடம் முதல் நாளே ஐஸ் பக்கெட் சொல்லி வையுங்கள், தினமும் நிரப்பி வைப்பார், அதற்குக் காசு இல்லை. கடைசி நாள் அவர் கையில் தனியாக ஏதாவது கொடுத்துவிட்டு வருவது மரியாதை. பாதி ஐஸ், பாதி தண்ணீர் என்று பக்கெட்டில் ஊற்றிக் கேனை அமுக்கி வைத்தால் இருபது நிமிடத்தில் பல் கூசும். வெறும் ஐஸில் வைப்பதைவிட இது சீக்கிரம் குளிரும், தண்ணீர் கேனை எல்லாப் பக்கமும் தொடுகிறது அல்லவா.

சரி, பேக்கேஜ் இல்லாமல் கேபினில் பீர் எப்படி? எனக்குப் பிடித்தது பக்கெட்தான். பல கப்பல்களில் நீச்சல்குளத்துப் பாரில் நாலைந்து பீரை ஐஸோடு வாளியில் போட்டுத் தருவார்கள், தனித்தனியாக வாங்குவதைவிடக் கொஞ்சம் மலிவு, வாளியோடு தூக்கிக்கொண்டு போகலாம். கார்னிவலில் சியர்ஸ் பேக்கேஜ் வைத்திருப்பவருக்கு இந்த வாளி கிடையாது என்பது ஒரு வேடிக்கை. நானூறு ஐந்நூறு டாலர் கட்டியவன் ஒவ்வொன்றாக நடக்க, ஒன்றும் கட்டாதவன் வாளியோடு லிஃப்டில் ஏறுகிறான். கார்னிவலில் இன்னொன்றும் உண்டு. கிளம்புவதற்கு முன்பே அவர்கள் இணையக் கடையில் பன்னிரண்டு கேன் பீர் பெட்டியாக வாங்கினால் கேபினுக்கே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். எந்தப் பீர் என்பதில் பெரிய தேர்வு இருக்காது, அமெரிக்க லைட் பீர் வகைதான் அதிகம். நல்ல பீர் வேண்டுமென்றால் கார்னிவல் விஸ்டா மாதிரிக் கப்பலைப் பாருங்கள். 2016ல் வந்த அந்தக் கப்பலில் பீர் தயாரிக்கும் கூடமே உண்டு, பாருக்குள்ளேயே காய்ச்சுகிறார்கள். அதைக் கேபினுக்குத் தூக்கிப்போகாமல் அங்கேயே உட்கார்ந்து குடிக்கலாம், அந்த அளவுக்கு நன்றாக இருக்கும்.

என் கணிப்பில் கேபின் பீர்க்காரனுக்கு ஏற்ற கப்பல் டிஸ்னிதான். குழந்தைகள் கப்பல் என்று பெயர், மிக்கி மவுஸ் நடமாடுகிற இடம், டிக்கெட் விலையைக் கேட்டால் மயக்கம் வரும், எல்லாம் உண்மை. ஆனால் அங்கே அளவில்லா மது பேக்கேஜே கிடையாது. அதற்குப் பதிலாக 21 வயதான ஒவ்வொருவரும் ஏறும்போது ஆறு பீர் (ஒவ்வொன்றும் 12 அவுன்ஸுக்குள்) அல்லது இரண்டு பாட்டில் ஒயின் கையோடு கொண்டுவரலாம். ஏறும்போது மட்டுமல்ல, வழியில் ஒவ்வொரு துறைமுகத்திலிருந்து திரும்பும்போதும் அதே அளவு! கோசுமேலில் இறங்கி, கடையில் ஆறு டோஸ் எக்கிஸ் (மெக்சிகோ பீர்) வாங்கி, பையில் போட்டுக்கொண்டு ஏறி, பால்கனியில் திறக்கலாம். ஒரே நிபந்தனை, கைப்பையில் இருக்க வேண்டும், துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டிக்குள் வைக்கக் கூடாது. குடிக்காத மனைவியின் ஆறும் உங்களுக்கே என்றால் கணக்கு இன்னும் இனிக்கும்.

மற்றவர்கள் இவ்வளவு தாராளம் இல்லை. ராயல் கரீபியனில் ஏறும் நாளில் ஆளுக்கு ஒரு 750 மில்லி ஒயின் கொண்டுவரலாம், பீருக்கு அனுமதி இல்லை. ஒயின் கண்ணியம், பீர் ரவுடித்தனம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். இதற்காக வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலில் ரம், ஷாம்பூ பாட்டிலில் ஓட்கா என்று கிளம்புகிற வீரர்களும் நம் நண்பர் கூட்டத்தில் இருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் பெட்டி மாட்டினால் உங்கள் கேபின் வாசலுக்கு எல்லாப் பெட்டியும் வரும், அது மட்டும் வராது. நீங்களே போய் எல்லார் முன்னாலும் திறந்து காட்ட வேண்டும். பின்னால் மாமனார் நிற்பார்.

அடிக்கடி போகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ராயல் கரீபியனில் 80 பயணப் புள்ளி சேர்ந்து டயமண்ட் என்ற உறுப்பினர் தரத்தை எட்டிவிட்டால் தினமும் நாலு இலவச டிரிங்க் கார்டில் ஏறிவிடும், சாதாரண கேபினில் ஒரு ராத்திரிக்கு ஒரு புள்ளி. நாலு பீர் ஆசாமிக்கு அதற்குப் பிறகு எந்தப் பேக்கேஜும் வேண்டாம். இத்தனைக்கும் பிறகும் பேக்கேஜ்தான் என்றால், கப்பலில் ஏறி வாங்காதீர்கள், விலை கூடும். முன்பே இணையத்தில் வாங்கி வைத்துவிட்டு அவ்வப்போது எட்டிப் பாருங்கள், குறைந்திருந்தால் ரத்து செய்துவிட்டு மறுபடி வாங்கலாம்.

டிஸ்னி தவிர மற்ற பெரும்பாலான கப்பல்களில், துறைமுகத்தில் வாங்கும் பாட்டிலைத் திரும்பி ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு பயணத்தின் கடைசியில்தான் தருவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு கால்வெஸ்டனில் இறங்கினால் சுங்கம் தாண்டியதும் டெக்சாஸ் மாநில மதுத்துறை மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும். மத்திய அரசின் ஒரு லிட்டர் சுங்க வரிச் சலுகை வேறு, மாநில வரி வேறு. ஒரே ஒரு டக்கீலா என்றாலும் கட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.