பொடி தின்றதும் கட்டி கரைந்ததா? இரத்தப் புற்றுநோய் திரும்பியவர்கள் கவனத்துக்கு

நோய் மீண்டும் வந்துவிட்டதாக ரிப்போர்ட் வந்த வாரத்தில்தான் இந்த ஏமாற்று அதிகம் நடக்கிறது. கீமோ என்றால் என்னவென்று உடம்பே அறிந்தவர்கள், இன்னொரு சுற்று வேண்டாமென்று தவிக்கும் நேரம் அது. யாரோ சொல்லி ஒரு பொட்டலம் வீட்டுக்குள் வரும். உறையில் உட்பொருள் எதுவும் எழுதியிருக்காது. "மூலிகைதான், பக்கவிளைவே கிடையாது" என்பார்கள்.

சில நாளில் நல்ல பசி எடுக்கும். காய்ச்சல் இறங்கும். கழுத்திலும் அக்குளிலும் இருந்த நெறிக்கட்டி சுருங்கும். நிணநீர் மண்டலப் புற்றான லிம்போமாவிலும், ஏ.எல்.எல். எனும் லுக்கீமியாவிலும் (இரத்தப் புற்று) இது வெறும் பிரமை அல்ல, உண்மையாகவே நடக்கும். அதனால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். இப்படிச் சட்டென்று குணம் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்பதைத்தான். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்றவை லிம்போசைட் எனும் வெள்ளையணு வகைப் புற்றணுக்களைக் கொல்லும். ஆஸ்பத்திரியில் கீமோவோடு சேர்த்துக் கொடுப்பதும் இதற்காகத்தான். தனியாகக் கொடுத்தால் கொஞ்ச காலமே தாக்குப்பிடிக்கும். அதற்குத் தப்பிய அணுக்கள் பிறகு பெருகி வரும்.

போன பணத்தைவிடப் பெரிய நஷ்டம் பயாப்சியில் தெரியும். ஸ்டீராய்டு உள்ளே போன பிறகு கட்டியிலிருந்து சதை எடுத்தால் செத்த திசுவே கிடைக்கலாம்; எந்த வகை லிம்போமா என்று சொல்ல முடியாமல் போகும். நோய்ச்சுமை அதிகமுள்ளவருக்கு அணுக்கள் ஒரே நேரத்தில் உடைந்து, யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ஏறி, சிறுநீரகம் படுத்துவிடவும் கூடும். முகம் உப்புவது, திடீரென சர்க்கரை ஏறுவது, வாயில் வெள்ளைப் படலம் ஆகியவை ஸ்டீராய்டுக்கான தடயங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பயந்து சட்டென நிறுத்த வேண்டாம். வாரக்கணக்கில் உள்ளே போன ஸ்டீராய்டு ஒரே நாளில் நின்றால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். திட்டுவார் என்று மறைப்பதுதான் மிகப் பெரிய தவறு.

ஏ.எம்.எல். எனும் இன்னொரு வகை லுக்கீமியா உள்ளவர்களிடம் கதை வேறு. "வெள்ளையணு எவ்வளவு இறங்கியிருக்கிறது பாருங்கள்" என்று இரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டுவார்கள். மஜ்ஜை முழுக்க நோய் நிறைந்து நல்ல அணு உற்பத்தி நின்றாலும் அந்த எண் இறங்கும்! நோய் முழுவதும் அடங்கியது என்று சொல்ல, எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்ட் எனும் முதிராத அணுக்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணு 1,000, பிளேட்லெட் 1,00,000 எட்ட வேண்டும். மஜ்ஜைப் பரிசோதனை செய்யாமல் "குணமாகிவிட்டது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

'ஸ்டெம் செல் சிகிச்சை' என்ற பெயரிலும் வலை விரிக்கிறார்கள். சொல் உண்மையானது என்பதால் எடுபடுகிறது. உண்மையான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்கு (டிரான்ஸ்பிளான்ட்) முன் தீவிர கீமோவோ கதிர்வீச்சோ உண்டு. கொடுப்பவர் வேறொருவர் என்றால் எச்.எல்.ஏ. எனும் திசுப் பொருத்தம் பார்க்க வேண்டும். உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு 25 சதவீதம்தான். பிறகு வாரக்கணக்கில் தனி அறை. காலையில் ஊசி, மாலையில் வீடு என்றால் அது வேறு ஏதோ. புதிய மருந்தின் ஆய்வில் 'இடம் பிடித்துத் தருகிறேன்' என்று கமிஷன் கேட்பவரும் இதே கூட்டம். ஆய்வுக்குப் பதிவு எண்ணும் ஒப்புதல் படிவமும் இருக்கும். இடைத்தரகருக்கு அங்கே வேலையில்லை.

முறையான ஆஸ்பத்திரியிலும் அலட்சியம் நடக்கும். முதல் சுற்றின் பழைய ரிப்போர்ட்டை வைத்தே இரண்டாம் சுற்றைத் தொடங்குவது அதில் முக்கியமானது. திரும்பி வரும் நோய் பழைய நோயின் நகலாகவே இருக்கும் என்றில்லை. ஏ.எம்.எல்.லில் முன்பு இல்லாத எஃப்.எல்.டி.3 எனும் மரபணு மாற்றம் இப்போது இருக்கலாம். இருந்தால் கில்டெரிட்டினிப் போன்ற மருந்துக்கு வழியுண்டு. சி.எம்.எல். எனும் நாள்பட்ட லுக்கீமியாவில், நோயை உண்டாக்கும் மரபணுவான பி.சி.ஆர்.-ஏ.பி.எல். அளவு ஏறினால், மாத்திரை விட்டுப்போனதா என்று முதலில் கேட்க வேண்டும், அடுத்து மரபணு மாற்றம் பார்க்க வேண்டும். டி315ஐ மாற்றம் இருந்தால் இமாட்டினிப், டாசாட்டினிப், நிலோட்டினிப் ஆகிய மூன்று மாத்திரைகளும் வேலை செய்யாது. புற்றணுவின் மேலுள்ள சி.டி.19 எனும் அடையாளத்தைக் குறிவைக்கும் மருந்தென்றால், அந்த அடையாளம் அணுவில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தார்களா?

முதல் சுற்றின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் டாக்ஸோரூபிசின் எனும் கீமோ மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியது என்று தேடி எழுதி வையுங்கள். வாழ்நாள் கணக்கு, உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமைத் தாண்டினால் இதயம் பலவீனமாகும் ஆபத்து செங்குத்தாக ஏறும். ஆஸ்பத்திரி மாறியவர்களுக்கு இந்தக் கூட்டல்தான் விட்டுப்போகிறது. லிம்போமாவுக்கான ரிட்டுக்ஸிமாப் மருந்தைத் தருமுன் ஹெபடைட்டிஸ் பி பார்த்திருக்க வேண்டும், முன்பு பார்த்ததை மட்டும் நம்பாமல். வெனிட்டோகிளாக்ஸ் எனும் லுக்கீமியா மாத்திரை எடுப்பவருக்குப் பூஞ்சைத் தொற்றுக்காக போசகோனசோல் மருந்தைச் சேர்த்தால் வெனிட்டோகிளாக்ஸ் அளவை வெகுவாகக் குறைக்க வேண்டும். இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகச் சீட்டு எழுதும்போது இது நழுவும். வெள்ளையணு குறைந்திருக்கும் நாட்களில் 38.3 டிகிரி செல்சியஸ் காய்ச்சலுக்கு "பாராசிட்டமால் போட்டுக் காலையில் வாருங்கள்" என்ற போன் பதிலை ஏற்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும்.

பொடி வாங்கி ஏமாந்தவர்கள் கோபத்தில் மிச்சத்தைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். உறையோடு அப்படியே கட்டி, வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். பணம் அனுப்பிய ரசீதையும் செய்திகளையும் அழிக்காதீர்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கும்போது, ஸ்டீராய்டு இருக்கிறதா என ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.